தீக்காக்கையைக் கூப்பிட்டவர்

"எனக்கு மட்டும் அது கண்ணுல பட மாட்டேங்கு, டீச்சர்" என்றார் ஞானதுரை.

அது என்றால் தீக்காக்கை. மார்கழி பிறந்தால் காடு பார்க்கும் இந்த மலையடிவார நடைக்கு வந்துகொண்டிருந்தவள் அவர் மனைவி செல்லக்கனி. வீடு திரும்பியதும் அந்தப் பறவையின் சிவந்த வயிற்றைப் பற்றியே பேசித் தீர்ப்பாள். போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் பார்த்ததைத் தானும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பாவம், மனிதர் வேறெதற்கும் ஆசைப்படவில்லை.

நடைக்கு ஆட்களை அழைத்துப் போகும் பூங்கோதை டீச்சர் அவரைவிட வயதில் சிறியவர். வெட்பாலையின் இரட்டைக் காய்களைக் காட்டினார். இலந்தைக் கொட்டைகள் அப்பிய கரடி எச்சத்தைக் காட்டினார். ஞானதுரை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் கிளைகளைத் துழாவப் போய்விட்டார்.

காட்டுக்குள் பறவையைக் கூப்பிடக் கூடாது, அதுவாக வந்தால் பார்க்கலாம் என்பது அவர்கள் நடையின் வழக்கம். ஏன் என்று டீச்சர் யாருக்கும் விளக்கியதில்லை.

ஓடைக்கரையில் டீச்சர் குனிந்து ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சமயமென்று ஞானதுரை செல்போனை எடுத்தார். மகள் இறக்கிக் கொடுத்திருந்த குரலை ஒலிக்க விட்டார். பெண் தீக்காக்கையின் குரல்.

ஆண் பறவை உடனே வந்தது.

கருந்தலை. மார்பில் வெள்ளைப் பட்டை. வயிறு அப்படியே குங்குமம்.

"கனி சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் திரும்பினார். திட்டு விழப்போகிறது என்று ஞானதுரை அவசரமாகப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். டீச்சர் திட்டவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டார்.

பறவை போகவில்லை. ஒரு கிளையிலிருந்து கூப்பிட்டது. காத்திருந்தது. அடுத்த கிளைக்குப் போய்க் கூப்பிட்டது. பிறகு குரல் வந்த இடத்துக்கே திரும்பி, அவர் தலைக்கு நேர் மேலே அமர்ந்து, கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியது. அது ஓயவில்லை.

ஞானதுரை அண்ணாந்தபடியே கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படித் தேடும், டீச்சர்?"

டீச்சர் அவரைப் பார்த்தார். தணிந்த குரலில் கேட்டார்.

"என்கிட்டயா கேக்கிய, அண்ணாச்சி?"