மணியோசையும் சாம்பல் கழுத்துக் காக்கையும்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு இருந்தபோது, இங்கிலாந்தில் எல்டர்விக் என்று ஒரு சின்னச் சந்தை ஊர் இருந்தது. புதன்கிழமை வந்தால் அந்த ஊருக்கே தனி வாசம். பாலாடைக்கட்டியும் ஈரக் கம்பளியும் சுடச்சுட ரொட்டியும் கலந்த வாசம். அது இனி எங்கே கிடைக்கப் போகிறது?

சதுக்கத்தின் நடுவே கல்சிலுவை ஒன்று. அதன் நிழல் கிணற்றடியைத் தொடும்வரை ஒரு முட்டைகூட கைமாறக் கூடாது. குன்று தாண்டி நடந்து வருகிறவர்களுக்கும் சாமான் மிச்சமிருக்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. சந்தை திறக்கும் முன் கடையை விட்டு நகர்ந்தவருக்கு வருஷம் முழுக்க இடம் கிடையாது. நிழல் தொட்டதும் குரல் கொடுக்கும் வேலை, தேவாலயக் கோபுரத்தில் குடியிருந்த டிப் என்ற சாம்பல் கழுத்துக் காக்கையுடையது.

வெண்ணெய்க்காரி ஆக்னஸுக்கு டிப் என்றால் உயிர். வாராவாரம் ஒரு விரல் வெண்ணெய் அதற்கென்று எடுத்துவைப்பாள். அதுவும் அவள் தோளில் உட்கார்ந்து ஊர்வம்பு அளக்கும்.

ஒரு புதன்கிழமை ஆக்னஸின் முகமே சரியில்லை. அவள் ஒரே மகன் வில் கப்பலேறப் போகிறான். பாலத்தடியிலிருந்து அவன் ஏறும் வண்டி, சந்தை திறக்கும் முன்பே கிளம்பிவிடும். கடையை விட்டுப் போனால் பிழைப்பு போய்விடும். போகாவிட்டால் பிள்ளை முகம் பார்க்க முடியாது.

"இன்னிக்கு மேகமூட்டம், நிழலே விழலை. கொஞ்சம் முன்னாடி குரல் கொடுத்தா யாருக்குத் தெரியும், டிப்?" என்றாள்.

டிப்புக்கு மனசு கேட்கவில்லை. "சந்தை திறந்தாச்சு" என்று கூவிவிட்டது.

ஆக்னஸ் கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். வில்லின் தொப்பியைச் சரிசெய்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அனுப்பிவைத்தாள். அவன் பிறகு திரும்பி வரவேயில்லை. அந்த ஒரு பார்வைதான் அவளுக்கு மிச்சம்.

அவள் திரும்பி வந்தபோது சதுக்கத்தில் சத்தமில்லை. மாவும் ரொட்டியும் எப்போதோ தீர்ந்திருந்தன. குன்றுக்கு அப்பாலிருந்து மூன்று பிள்ளைகளோடு நடந்து வந்த மார்ஜரி, காலிக் கூடையோடு சிலுவையடியில் உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லிக் கூவினாய் என்று ஊரார் டிப்பைக் குடைந்தெடுத்தார்கள். சொன்னால் ஆக்னஸின் இடம் போய்விடும் என்று அது வாயே திறக்கவில்லை.

"நான்தான் கேட்டேன். அதை விட்டுடுங்க" என்றாள் ஆக்னஸ். விற்காமல் கிடந்த வெண்ணெயை எல்லாம் மார்ஜரியின் கூடையில் வைத்தாள். அந்த வருஷம் அவளுக்குச் சந்தையில் இடமில்லை என்று ஆகிவிட்டது. கோபுரத்தில் மணி ஒன்றும் கட்டினார்கள். மணிக்கு யார்மேலும் பாசம் கிடையாதே.

"இனி என்ன பயம், பேசு டிப்" என்று ஆக்னஸ் எவ்வளவோ கெஞ்சினாள். டிப் பேசவில்லை. வெறும் வெண்ணெயோடு குன்றேறிப் போன மூன்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் அந்தக் காக்கை இனத்துக்குப் பேச்சில்லை. சந்தை மணி அடித்ததும் அவை கோபுரத்தை விட்டுக் கூட்டமாக எழும்பி, ஊருக்கு வரும் பாதைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகின்றன, யாராவது இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறார்களா என்று.