கீரை தின்ற கிடாயும் துபாஷியின் பிராதும்

பிரதானி ஆவுடையப்பருக்கு முதலில் துரோகம் செய்தவன் துபாஷி தாண்டவராயன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது.

கும்பினி துரைமார் குதிரையேறி வந்த அந்த நாளில், மருதங்குறிச்சிச் சீமையை வடமலை பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அப்படியொரு தர்பார் இனி வராது. சபை கூடினால் சந்தனமும் பன்னீரும் தெருமுனை வரை மணக்கும். ராஜா தம் கையால் மடித்துத் தரும் முதல் வெற்றிலை, தலைமுறை தலைமுறையாகப் பிரதானிக்கே உரியது. தாண்டவராயன் இங்கிலீஷ் படித்துவிட்டு, துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக வந்து சேர்ந்தான். வெற்றிலை அவன் பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆவுடையப்பர் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு விடியலில் பக்கத்துப் பாளையத்து மேலக்கோட்டையார் ஆளனுப்பி, நம் பெரிய கண்மாயின் மடையை உடைத்துத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார். துரைக்குப் பிராது எழுதும்படி துபாஷிக்கு உத்தரவானது. அவனோ, இரண்டு பாளையமும் 'லாக் ஹார்ன்ஸ்' என்று எழுதிவந்தான். கொம்போடு கொம்பு கோத்து நிற்பதாக அர்த்தம் என்றதும் ராஜாவுக்குப் பெருமையில் மீசை துடித்தது.

அந்த வார்த்தை இங்கே பொருந்தாது, அனுப்பினால் கண்மாய் கைவிட்டுப் போகும் என்றார் ஆவுடையப்பர்.

துபாஷி சிரித்தான். "பிரதானியாருக்கு ஆனா ஆவன்னாவே தகராறு. இங்கிலீஷில் பிழை பார்க்கிறாராம்."

பிழையைக் காட்டினால் முதல் வெற்றிலை பிரதானிக்கு, காட்டாவிட்டால் அவர் ஆசனமும் துபாஷிக்கு என்று ராஜா சொல்லிவிட்டார்.

மறுநாள் பிரதானி சபைக்கு இரண்டு கிடாய்களை ஓட்டிவரச் செய்தார். ஒன்று படுத்து அகத்திக்கீரை மென்றுகொண்டிருந்தது. மற்றது ஓடிவந்து அதன் விலாவில் முட்டியது. இதற்கும் அந்த வார்த்தையைத்தானே எழுதவேண்டும் என்று பிரதானி பணிவாகக் கேட்டார்.

துபாஷிக்குப் பொறுக்கவில்லை. "ஓய், இரண்டும் தலையைத் தாழ்த்தி எதிரெதிரே வந்து மோதினால்தான் அப்படி எழுதலாம். கீரை தின்கிற கிடாய்க்கு எழுதினால் வெள்ளைக்காரன் சிரிப்பான்."

"அப்படியானால் மடை உடைந்தபோது நம் மகாராஜா எந்தக் கிடாய், துபாஷியாரே?"

அந்த விடியலில் ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தது சபைக்கே தெரியும். பிரதானி ராஜா பக்கம் திரும்பினார்.

"'நீரும்தானே முட்டினீர், இரண்டு பேரும் அபராதம் கட்டுங்கள், கண்மாய் கும்பினிக்கு' என்று துரை எழுதிவிட்டால் என்ன செய்வோம், மகாராஜா?"

ராஜா பிராதைக் கிழித்தார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் கிடாய்களைத் தொழுவத்துக்கு ஓட்டிப்போகும் வேலையும் துபாஷிக்கே என்றார். பின்னாளில் கண்மாய் திரும்பிவந்தது. பிரதானிக்குப் பட்டுச் சால்வையும் கிடைத்தது.

ஆனால் பிராதைக் கிழித்த அன்று, அதே சபையில் ராஜா முதல் வெற்றிலையை மடித்தார். ஆவுடையப்பர் எழுந்து கையை நீட்டினார். ராஜாவோ சிரிப்பு தாங்காமல், "எனக்காகச் சாட்சி சொன்னது இதுதானே" என்று படுத்திருந்த கிடாயின் வாயில் அதை வைத்துவிட்டார்.

ராஜாவும் போனார், அரண்மனையும் இடிந்தது. ஆவுடையப்பருக்குச் சேரவேண்டிய வெற்றிலை மட்டும் இன்றுவரை வந்தபாடில்லை.