கழுகுப் பாறையில் ஒரு கௌதாரி

யோர்தான் ஆற்றங்கரையில் உயரமான தேவதாரு மரம் ஒன்று இருந்தது. அதில் இருபது நாரைகள் கூடு கட்டி வாழ்ந்தன. சற்றுத் தள்ளி இருந்த மொட்டைப் பாறையில் ஒரு கழுகு தனியாக வசித்தது. மரத்துக்கும் பாறைக்கும் நடுவே, புல் புதருக்குள், ஒரு கௌதாரி தன் துணையோடும் ஏழு குஞ்சுகளோடும் இருந்தது.

அந்த வருடம் இஸ்ரவேல் மக்கள் அங்கே வந்து கூடாரம் போட்டார்கள். கூடாரம் போட்ட இடத்துக்குக் காகம் போகாமல் இருக்குமா? ஒரு நாள் காலை அது செய்தியோடு திரும்பி வந்தது.

"எந்தப் பறவையைச் சாப்பிடக் கூடாது என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறதாம். இன்று எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தார்கள். சாப்பிடக் கூடாதவை எல்லாம் அசுத்தமாம். என் பெயரும் இருக்கிறது."

"வேறு யார் யார்?" என்று கேட்டது கழுகு.

"முதல் பெயரே நீதான் அண்ணே. அப்புறம் பருந்து, ஆந்தை, கூழைக்கடா, கொண்டலாத்தி, நாரை, வௌவால்."

"நல்லதாய்ப் போயிற்று. இனி என் மேல் யாரும் அம்பு விட மாட்டார்கள்" என்றது கழுகு.

நாரைகளின் தலைவிக்கு மட்டும் முகம் மாறிவிட்டது.

"செத்த மாட்டைக் கொத்துகிற கழுகோடு என்னைச் சேர்த்துவிட்டார்களா? என் அம்மாவுக்கு வயதாகிப் பறக்க முடியவில்லை. மூன்று வருடமாக நான்தான் ஊட்டுகிறேன். எங்களில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்ற பத்தொன்பது பேரும் இரை கொண்டு வருவோம். இப்படி ஒரு குடும்பத்தை நீ வேறு எங்கே பார்த்திருக்கிறாய்? காரணம் என்ன சொன்னார்கள்?"

"காரணம் வாசிக்கவில்லை. பெயர்களை மட்டும்தான் வாசித்தார்கள்."

கௌதாரி மெதுவாகக் கேட்டது. "என் பெயர் இருந்ததா?"

"இல்லை. நீ சுத்தமான பறவை."

கௌதாரி தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. சுத்தம் என்றால் சாப்பிடலாம் என்றுதானே அர்த்தம்?

மூன்றாம் நாள் புதர்களில் வலை விரித்தார்கள். கௌதாரியின் துணை அதில் சிக்கியது. கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எப்படியோ தப்பி ஓடியது. அழக்கூட நேரமில்லை. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. தேவதாரு மரத்தடியில் மட்டும் யாரும் வலை வைக்கவில்லை. அங்கே பிடிக்கத் தகுந்த பறவை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கௌதாரி மரத்தடிக்கு வந்து மேலே பார்த்தது.

"நாரையக்கா, என் வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டார்கள். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும் வரை இந்த வேர்களுக்கு நடுவே இருந்துகொள்கிறோம். மேலே வர மாட்டோம், உங்கள் இரையைத் தொட மாட்டோம்."

"கேட்கவே கஷ்டமாக இருக்கிறது" என்றது தலைவி நாரை. "ஆனால் நீ இங்கே இருந்தால் உன்னைத் தேடி வேடர்கள் வருவார்கள். எனக்கு என் குடும்பம்தான் முக்கியம். தப்பாக நினைக்காதே, உன் ஆட்கள் யாரிடமாவது போய்க் கேள்."

"என் ஆட்கள் வலையில் இருக்கிறார்கள் அக்கா."

நாரை தன் அம்மாவுக்கு ஒரு மீனை ஊட்டத் திரும்பிக்கொண்டது.

கௌதாரி வேறு வழி தெரியாமல் மொட்டைப் பாறைக்குப் போனது. கழுகைப் பார்த்ததும் குஞ்சுகள் அம்மாவின் சிறகுக்குள் புகுந்துகொண்டன.

"பயப்படாதே" என்றது கழுகு. "செத்த பிறகுதான் எனக்கு வேலை. உயிரோடு இருப்பவர்களிடம் எனக்கு ஒன்றும் இல்லை. பாறைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கிறது. நாற்றம் அடிக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாற்றத்துக்கே எந்த வேடனும் இந்தப் பக்கம் வருவதில்லை."

பக்கத்தில் காகம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுகு அதன் பக்கம் திரும்பியது.

"இவர்கள் மேல் கை வைக்கக் கூடாது."

"நான் நினைக்கவே இல்லையே அண்ணே."

"நினைத்தாய்."

காகம் வேறு பக்கம் பார்த்தது.

குஞ்சுகள் அங்கே வளர்ந்தன. வெயில் ஏறியது, ஆற்றோர நாணல் காய்ந்தது. ஒரு நண்பகலில் நாணலில் தீப்பிடித்தது. காற்று அதை மரத்தை நோக்கித் தள்ளியது. நாரைகள் எல்லாம் தூரத்துச் சதுப்பு நிலத்துக்கு இரை தேடப் போயிருந்தன. கூட்டில் கிழட்டு நாரை மட்டும் இருந்தது.

"நீ போய் நாரைகளுக்குச் சொல்" என்றது கௌதாரி காகத்திடம்.

"உனக்கு இடம் தராதவர்கள்தானே?"

"அந்தக் கிழவி என்னை ஒன்றும் சொல்லவில்லையே. போ, சீக்கிரம்."

காகம் பறந்தது. கௌதாரி புகைக்குள் ஓடியது. மரத்தடியில் நின்று கத்தியது.

"பாட்டி, கீழே வாருங்கள்."

"என்னால் பறக்க முடியாதே அம்மா."

"பறக்க வேண்டாம். சிறகை விரித்துக்கொண்டு விழுங்கள்."

கிழட்டு நாரை கண்ணை மூடிக்கொண்டு விழுந்தது. ஒரு கால் பிசகியது. புகை மேலே கனத்துக் கிடந்தது. தரையோரம் கொஞ்சம் காற்று இருந்தது. அது கௌதாரிகள் நடக்கும் உயரம்.

"கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு என் பின்னால் வாருங்கள்" என்றது கௌதாரி.

காய்ந்த ஓடை வழியாக இரண்டும் ஊர்வது போல நகர்ந்தன. கௌதாரியின் வால் கருகியது. இருந்தாலும் கிழட்டு நாரையைப் பொந்துக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டது.

நாரைகள் வந்து சேர்ந்தபோது மரம் எரிந்துகொண்டிருந்தது. தலைவி நாரை கதறியபடி மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கழுகுதான் அதைக் கூப்பிட்டு இறக்கியது. நாற்றம் வீசும் பொந்துக்குள் அதன் அம்மா படுத்திருந்தது. ஏழு கௌதாரிக் குஞ்சுகளும் அதை ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"யார் கூட்டி வந்தது?"

கழுகு கௌதாரியைக் காட்டியது.

நாரை அதன் கருகிய வாலைப் பார்த்தது. "நான் உன்னைப் போகச் சொன்னேன்" என்றது.

"சொன்னீர்கள்" என்றது கௌதாரி. "அம்மாவுக்குத் தொண்டை வறண்டு கிடக்கிறது அக்கா. முதலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்."

நாரை ஆற்றுக்குப் பறந்தது. அலகு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து அம்மாவுக்குக் கொடுத்தது. மறுபடியும் போய் வந்து குஞ்சுகளுக்குக் கொடுத்தது. மூன்றாம் முறை கொண்டு வந்ததைக் கௌதாரியின் அலகில் ஊற்றியது.

தன் குடும்பத்திடம் மட்டும் காட்டும் அன்பு ஒருவரை நல்லவராக்குவதில்லை. உதவி கேட்டு வாசலில் நிற்கும் அயலாருக்கும் அது எட்ட வேண்டும்.