காடி தின்ற கல்

மருந்து சாப்பிட்ட உழவன் ஒருவன் வயிறு போய்ச் சாகக் கிடந்தான். பிழைத்துவிட்டான் என்று செய்தி வந்த பிறகும் மலையடி வைத்தியசாலையில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. அவனுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த லேகியத்தைச் சோதித்தார்கள். சுத்தி செய்யாத நேர்வாள விதை கலந்திருந்தது. அது விஷம். கலந்தது யார்?

மூத்த சீடன் திருமேனிக்கு அது வெள்ளியன்தான். போன மழைக்காலத்தில் வந்து சேர்ந்தவன், சொந்த ஊரைக் கேட்டால் சிரிப்பவன். பேசினால் மழுப்புகிறான், பேசாவிட்டால் மறைக்கிறான். யாரும் சொல்லாமலே மருந்து அரைக்கும் கல்வத்தைக் கழுவி வைத்தானே, அது எதற்கு? கழுவாமல் விட்டிருந்தாலும் திருமேனி அதற்கொரு காரணம் கண்டுபிடித்திருப்பான்.

அவனை வெளியேற்ற வேண்டும் என்று குருவிடம் போய் நின்றான். குரு அம்பலவாணர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓடையிலிருந்து நல்ல சுண்ணாம்புக் கல்லாக ஒன்று பார்த்து எடுத்து வரச் சொன்னார்.

இதில் என்ன சூதோ என்று திருமேனிக்குப் பட்டது. துளை எதுவும் இல்லையென்று திருப்பித் திருப்பிப் பார்த்தே எடுத்து வந்தான். அதைப் பானையின் வாயில் வைத்து, சுண்ணாம்பைக் கரைக்கும் கடும்புளிப்புக் காடியைக் கல் முழுக்கப் பரவலாகத் தினமும் ஊற்றி வரும்படி குரு சொன்னார்.

முதலில் கல் எங்கும் நுரைத்தது. அடியில் பல இடங்களில் கசிந்தது. நாளாக ஆக ஒரே இடத்தில் மட்டும் ஒழுகியது. எந்த மூலையில் ஊற்றினாலும் காடி அங்கேதான் போயிற்று.

"நான் இல்லாத நேரத்தில் யாரோ துளைத்திருக்கிறார்கள்" என்றான் திருமேனி. யாரைச் சொல்கிறான் என்று கேட்கத் தேவையில்லை.

"உடைத்துப் பார்."

உடைத்தான். உள்ளே ஒரு பெரிய துளை வேர் மாதிரி கிளைவிட்டு மேலிருந்து அடிவரை இறங்கியிருந்தது. அதன் இருபுறமும் மயிரிழைத் துளைகள் பல, பாதியிலேயே நின்றிருந்தன. உளி பட்ட அடையாளம் எங்கும் இல்லை.

"இவையெல்லாம் ஏன் நின்றுவிட்டன?" என்று குருவைக் கேட்டான்.

"அந்தப் பெரிய துளை இவற்றைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டது. அகன்ற வழியில் காடி அதிகம் போயிற்று. அதிகம் போகப் போக வழி இன்னும் அகன்றது. இவற்றுக்கு வர மிச்சமில்லை."

திருமேனிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட மனமில்லை.

"அப்படியென்றால் வெள்ளியன் செய்யவில்லை என்கிறீர்களா, ஐயா?"

"எனக்குத் தெரியாது. உழவன் விழுந்த செய்தி வந்ததும், வெள்ளியனுக்கு முன்னால் யாரை நினைத்தாய்?"

திருமேனி தலை குனிந்தான்.

"உங்களைத்தான், ஐயா. அன்று மருந்துச் சரக்குகளை நிறுத்துப் போட்டது நீங்கள். அப்படி நினைப்பதே பாவம் என்று விட்டுவிட்டேன்."

அம்பலவாணர் உடைந்த கல்லை அவன் கையிலேயே திரும்ப வைத்தார்.

"எனக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை, திருமேனி. நீ பாதியில் நிறுத்திய அந்தத் துளையிலும் கொஞ்சம் ஊற்றிப் பார்."