மூச்சுப் பட்ட வைரத்தோடு

மகள் கல்யாணத்துக்கு வாங்கவிருந்த வைரத்தோடு, ராசி பார்க்க மூன்று நாள் மங்களத்தம்மாள் வீட்டில் இருந்தது. வியாபாரி வேலாயுதம் பணம் வாங்க வந்த அன்று, பாத்திரம் தேய்க்கும் செவந்தி அதை ஊதிப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, வைரம்னா மூச்சுப் பட்ட மங்கல் உடனே தெளியும். இது தெளியவே இல்லையே!"

வேலாயுதம் எகிறினார். "கரிச்சட்டி தேய்க்கிறவளுக்கு வைரம் தெரியுமோ? நெருப்பில போட்டாலும் அசையாத அசல் கல்லு! முதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்கம்மா!"

மங்களத்தம்மாளும் தலையாட்டினாள்.

"போறேன் ஐயா," என்ற செவந்தி, தோட்டை இடுக்கியில் கவ்வி அடுப்புப் பக்கம் திரும்பினாள். "தணல்ல காய்ச்சிப் பச்சைத்தண்ணியில போடுறேன். ஒண்ணும் ஆகலேன்னா அப்படியே நடையைக் கட்டுறேன்."

வேலாயுதம் பாய்ந்து இடுக்கியைப் பிடித்தார். "அடி பாவி, வேண்டாம்! கண்ணாடி தெறிச்சிரும்!"

செவந்தி இடுக்கியை விடவில்லை.

"எந்தக் கண்ணாடி ஐயா?"