உப்பில் நின்ற ஆடு

சித்திரை பிறந்ததிலிருந்து வீரபாகு வீட்டுக் கூடத்தில் ஃபேன் ஓடவில்லை.

தூத்துக்குடி வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கூடத்து மேசையில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. தட்டின் மேல் பொடி உப்பால் ஆன ஆடு ஒன்று நின்றது. மூடி வைத்தால் உப்பு கசிந்துவிடும். காற்றுப் பட்டால் ஆடு கலைந்துவிடும். ஈரம் பிடிக்காமலிருக்கத் தட்டின் கீழே எப்போதும் ஒரு விளக்கு எரிந்தது.

"ஆட்டுக்குக் காத்து ஆகாதாம். எனக்கு மட்டும் இந்தச் சூடு ஆகுமா?" என்று அவர் மனைவி கோமதி ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே கேட்பாள்.

வீரபாகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பத்து நான்கு வயது. சனிக்கிழமைதோறும் பெனிட்டாவிடம் அனிமேஷன் படிக்கப் போனார். பெனிட்டாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

அவள் கற்றுக்கொடுத்தது உப்புப் படம். தட்டுக்கு மேலே கேமரா. உப்பைப் பரப்பி விரலால் வரைய வேண்டும். ஒரு படம் எடுத்ததும் அதையே கொஞ்சம் கலைத்து அடுத்ததை வரைய வேண்டும். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு நொடி. கலைத்தது கலைத்ததுதான், திரும்பப் போக முடியாது. கடைசிப் படத்தை எடுத்ததும் தட்டைத் துடைத்துவிடுவது அவள் வகுப்பில் வழக்கம்.

வீரபாகு துடைக்கவில்லை.

அவருடைய படத்தில் ஓர் ஆடு சுவரொட்டிகளைத் தின்கிறது. எதைத் தின்கிறதோ அதுவாகிறது. சினிமா போஸ்டரைத் தின்றால் சண்டை போடுகிறது. தேர்தல் போஸ்டரைத் தின்றால் தெருவெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போகிறது. கடைசியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைத் தின்றுவிடுகிறது. யாரென்றே தெரியாத மனிதருக்காக நடுத்தெருவில் உட்கார்ந்து அழுகிறது. அழுது முடித்து எழுந்து நிற்கிறது. அவ்வளவுதான் படம்.

அழும் இடத்தில் ஒரு தப்பு நேர்ந்தது. கேமராவை அழுத்தியபோது வீரபாகு தட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரே ஒரு படத்தில், ஆட்டின் முகத்துக்குப் பக்கத்தில், அவருடைய விரல் விழுந்துவிட்டது. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அவர் கண்ணுக்கு அந்த விரலைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மேசையில் நின்ற ஆட்டைப் பார்த்து வேறு தட்டில் அந்த அழுகையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். எந்த ஆடும் அதைப் போல அழவில்லை. இந்த வயதில் உப்பில் ஆடு வரைந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தார். படத்தை யாருக்கும் காட்டவில்லை. கோமதிக்கும்கூட.

வகுப்புக்கு அவர் வருவதே நின்றுபோனபோது பெனிட்டா வீட்டுக்கு வந்தாள்.

வீரபாகு நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"படம் எப்போ முடியும் டீச்சர்?"

பெனிட்டா தட்டைப் பார்த்தாள். அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் படத்தை எடுத்துட்டு உப்புக் கிட்டங்கிக்கு வாங்க, அண்ணாச்சி."

"அது இன்னும் முடியலையே!"

"முடியாததைத்தான் கேக்கேன்."

உள்ளிருந்து கோமதி எட்டிப் பார்த்தாள். "அங்க ஃபேன் ஓடுமா?"

"நாலு ஓடும், மதினி."

"அப்ப நானும் வாரேன்."

மறுநாள் அந்த உப்புக் கிடங்கில், உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் பெண்களுக்கு அது சாப்பாட்டு நேரம். மூட்டைகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தூக்குவாளிகளோடு பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பெனிட்டா ஒரு ஸ்டூலைத் திரைக்குக் கீழே போட்டாள், பெண்களைப் பார்த்தபடி.

"இங்க உக்காருங்க."

"இங்க இருந்தா படம் தெரியாதே, டீச்சர்."

"அதைத்தான் தினமும் பாக்கீங்களே."

வீரபாகு உட்கார்ந்தார்.

"யாருட்டி இது? நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காரு?"

"பொண்ணு பாக்க வந்திருப்பாரு."

"பாக்கட்டும், பாக்கட்டும். பொண்டாட்டி இங்கதான் இருக்கேன்" என்றாள் கோமதி. கிட்டங்கி சிரித்தது.

கதவு இறங்கியது. இருட்டில் படம் தொடங்கியது.

கிரேனில் ஏறிய நாளிலிருந்து வீரபாகு மனிதர்களை உயரத்திலிருந்தே பார்த்துப் பழகியவர். தலைகள்தான் தெரியும். இப்போது முகங்கள். திரையின் வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்து விழுந்து மாறியது.

"ஏட்டி, அது நம்ம உப்பு!"

"சண்டையைப் பாரு, கொம்பைச் சிலுப்பிக்கிட்டு!"

"ஐயோ, ஓட்டுக் கேக்க வருது! எங்க தெருவுக்கு வந்தவன் மாதிரியே பல்லைக் காட்டுது!"

ஒருத்திக்குப் புரையேறியது. பக்கத்தில் இருந்தவள் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள்.

அழும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று வீரபாகு நினைத்திருந்தார். ஆடு அழுதது. அவரே கொடுத்த குரல். சிரிப்பு நின்றது. முன்வரிசைப் பெண் ஒருத்தியின் கையில் எடுத்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரபாகு கண்ணை மூடவில்லை.

விளக்குப் போட்டதும் பெனிட்டா அவர் பக்கம் குனிந்தாள்.

"விரல் எப்போ வந்துச்சு, அண்ணாச்சி?"

வீரபாகு திரும்பி வெறுந்திரையைப் பார்த்தார். விரலுக்காகக் காத்திருக்கவே அவர் மறந்துபோயிருந்தார்.

"எக்கா, இன்னொரு தடவை போடுங்க!"

போட்டார்கள். இந்த முறை, அடுத்து வருவதை முந்திக்கொண்டு சொன்னார்கள். ஆட்டோடு சேர்ந்து கும்பிட்டார்கள். படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஜெபக்கனி என்பவள் எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஆடு அழுதப்போ ஒரு விரல் வந்து அது கண்ணைத் துடைச்சிட்டுப் போச்சே, அது யாரு விரலு?"

"ஆமா, நானும் பாத்தேன்."

"எனக்குத் தெரியலையேட்டி."

வீரபாகு எழுந்து நின்றார். மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அது தப்பா விழுந்ததும்மா. என் விரல்தான். அந்த இடத்தை எடுத்துட்டு..."

"எடுக்கப் போறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"கை வச்சுப் பாருங்க!"

"செத்தவனுக்கு ஒரு ஆடாவது அழுதுச்சு" என்றாள் ஜெபக்கனி. "அந்த ஆட்டுக்கு ஒரு விரல்கூட வேண்டாமா?"

கிட்டங்கியே கை தட்டியது. தூக்குவாளி மூடிகளைத் தரையில் தட்டினார்கள். நேரமாகிவிட்டது என்று அதட்ட வந்த மேஸ்திரி, "எனக்கும் போன்ல அனுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபக்கனி தன் தெருவில் ஞாயிற்றுக்கிழமை படம் போட வேண்டும் என்றாள். திரைக்குத் தன் வெள்ளைச் சேலையைத் தருவதாகச் சொன்னாள். மற்றவர்கள், அப்படியானால் எங்கள் தெரு என்ன பாவம் செய்தது என்று சண்டைக்கு வந்தார்கள். வாசலில் கோமதி, போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக்குக் குரல் கொடுத்ததும் இவுகதான். நம்ப மாட்டீங்க, பாத்ரூமைச் சாத்திக்கிட்டுக் கத்துவாக. வயித்து வலின்னுல்லா நெனச்சேன்!"

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடம் வெந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஆடு அப்படியே நின்றது.

வீரபாகு தட்டின் முன்னால் போய் நின்றார். கைதட்டல் இன்னும் அவர் காதில் இருந்தது.

"டீச்சர், நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. படம் எப்போ முடியும்?"

பெனிட்டா கோமதி பக்கம் திரும்பினாள்.

"மதினி, ஃபேனைப் போடுங்க."