போல்ட்டுக்கு அடியில்

கோத்தகிரி மார்க்கெட்டுக்குக் கீழே இறங்கும் சரிவில் எஸ்தரின் பட்டறை இருந்தது. வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பட்டறை. எஸ்தருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த தவசீலனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். மலைப்பாதையில் ஒரு விபத்து. இடது கால் நொறுங்கி, இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்றான பிறகு அவளிடம் வந்து சேர்ந்தார்.

அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அந்தத் தை மாதத்தில் தவசீலன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையில் கை ஓடவில்லை. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மூடிவைத்துவிட்டு எஸ்தரிடம் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"கவுடர் வண்டிய நான் ஒழுங்கா பாத்திருந்தா, அந்தம்மா பிழைச்சிருப்பாங்களா?"

எஸ்தர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

கவுடர் என்று அவர் சொன்னது போஜனை. மேலே, தேயிலைத் தோட்டங்களும் தாண்டி, கேரட் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரர். அவருடைய மனைவி ருக்கிக்கு வெகுகாலமாக மூச்சிரைப்பு. மழைக்கும் பனிக்கும் அதிகமாகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் ஒரு பழைய டீசல் கார் வாங்கிவைத்திருந்தார். அந்தக் கார் விடியற்காலையில் கிளம்புவதில்லை என்று பட்டறைக்கு வந்தது. டீசல் எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அதற்குள் முதலில் சூடு ஏற வேண்டும். அதற்கென்று ஹீட்டர் பிளக்குகள் இருக்கின்றன. சாவி போட்டதும் ஸ்டியரிங் முன்னால் காயில் லைட் என்கிற சின்ன விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் சாவியை இன்னும் திருப்பி செல்ஃப் அடிக்க வேண்டும்.

தவசீலன் பிளக்குகளை மாற்றினார். வண்டி போயிற்று. கொஞ்ச நாளில் அதே கோளாறோடு திரும்பி வந்தது. பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயை மாற்றினார். எல்லாம் சரியாக வேலை செய்தது. "இனி கவலையில்ல கவுடரே, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று அவர்தான் அனுப்பிவைத்தார்.

அதற்கப்புறம் ஒரு விடியற்காலை ருக்கிக்கு மூச்சு முட்டியது. கார் கிளம்பவில்லை. பேட்டரி தீரும்வரை அடித்துப் பார்த்திருக்கிறார் போஜன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாரோ பிக்கப் கொண்டுவந்தார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

எஸ்தர் கேட்டாள்.

"ரெண்டு தடவையும் வண்டிய எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"இங்க வந்தப்பதான். மத்தியானம்."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

"வண்டி நிக்கறது எங்க?"

தவசீலன் மலை உச்சிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"போய் அங்க பாருங்க அண்ணே. ராத்திரி தங்கிட்டு விடியக்கால பாருங்க."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது மாஸ்டர்?"

"முகம் எதுக்கு? டெஸ்ட் லேம்ப் எடுத்துட்டுப் போங்க."

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில், சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, தவசீலன் மேலே ஏறினார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து போஜன் வீட்டுக்குக் கொஞ்சம் ஏற்றம். காலை இழுத்து இழுத்து ஏறினார். கார் வாசலில், கேரட் தோட்டத்தின் ஓரமாக, கூரை இல்லாமல் நின்றிருந்தது. மேலே தூசு படிந்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

போஜன் அவரைக் கண்டதும் எழுந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"வா தம்பி. சாவுக்கு வந்தப்ப உன்கிட்ட சரியாப் பேச முடியல."

தவசீலன் பேட்டரியைக் கீழே இறக்கிவைத்தார். "வண்டியப் பாக்கலாம்னு வந்தேன் கவுடரே" என்றார்.

"வண்டியில என்ன இருக்கு பாக்க?"

போஜன் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். வாயில் வைக்க முடியாத அளவுக்கு இனித்தது. அவருக்குச் சர்க்கரை அளவு தெரியவில்லை. அதுவரை அவர் டீ போட்டதே கிடையாது.

"வண்டி மேல தப்பில்ல தம்பி. உன் மேலயும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"காயில் லைட் அணையற வரைக்கும் பொறுக்கணும்னு நீ எத்தன தரம் சொல்லியிருப்ப. அவ அங்க மூச்சுக்குத் தவிக்கிறா. எனக்கு லைட் எரிஞ்சுதா அணைஞ்சுதான்னே ஞாபகம் இல்ல. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அணையறதுக்கு முன்னாடியே திருப்பியிருப்பேன். சூடு ஏற விட்டிருக்க மாட்டேன். அப்புறம் திருப்பித் திருப்பி அடிச்சு பேட்டரியத் தீர்த்துட்டேன்." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கோளாறு இந்தக் கையிலதான். இனி அந்தச் சாவியத் தொடறதில்லன்னு வச்சிருக்கேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தவசீலனுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஒரு வாரமாக அழுத்திக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கியதுபோல் இருந்தது. அப்படி லேசானது தெரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"பஸ் திரும்பி வர்ற நேரந்தான். போறதுன்னா போயிக்க" என்றார் போஜன்.

கீழே பாதையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தவசீலன் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"காலையிலயே போறேன் கவுடரே."

விடிகிற சமயத்தில் வாசலுக்கு வந்தபோது புல் எல்லாம் வெளுத்திருந்தது. காரின் பானட்டில் உறைபனி மாவு சலித்துக் கொட்டியதுபோல் படிந்து கிடந்தது. தவசீலன் பானட்டைத் தூக்கி, கொண்டுவந்திருந்த பேட்டரியை மாட்டினார். விரல்கள் மரத்துப்போயின. கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் வைத்தார்.

"கவுடரே, ஒருத்தர் சாவி போடணும். நான் தனியா பாக்க முடியாது."

போஜன் வாசற்படியிலேயே நின்றார்.

"செல்ஃப் அடிக்க வேணாம். சாவி மட்டும் போடுங்க."

வெகுநேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியைப் போட அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"காயில் லைட் எரியுதா?"

"எரியுது."

டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. ரிலேயிலிருந்து டக்கென்று வரவேண்டிய சத்தமும் வரவில்லை. காயில் லைட்டுக்குத் தனி வழி. எஞ்சினுக்குள் சூடு ஏறுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு எரிந்து, அது பாட்டுக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சு" என்றார் போஜன்.

தவசீலன் ஒரு துண்டு வயரை எடுத்தார். ரிலேயைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு நுனியையும், பேட்டரி மைனஸில் மறு நுனியையும் வைத்தார்.

"இன்னொரு தரம் போடுங்க."

டக் என்றது. டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது.

எர்த். கரண்ட் காரின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகும் இடம்.

போல்ட்டைக் கழற்றினார். அடியில் தகரத்தின்மேல், கரண்டை விடாத பெயிண்ட் அப்படியே இருந்தது. ஓரத்தில் பூப்போலத் துரு. வெயிலில் எப்படியோ தொட்டுக்கொள்ளும். பனி இறங்கி இரும்பு சுருங்கும்போது விட்டுவிடும். ரிலே மாற்றிய அன்று இதே போல்ட்டை அவர் கழற்றினார். அடியில் சுரண்டாமல், இதே இடத்தில் மாட்டி, ஸ்பானரால் இறுக்கினார்.

உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் தீர்ந்தது. தூக்கி நின்ற பானட்டுக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று போஜனுக்குத் தெரியாது.

"என்ன தம்பி, ஒண்ணும் இல்லதானே?" உள்ளிருந்து போஜன் கேட்டார். "நான்தான் சொன்னனே."

தவசீலன் உப்புத்தாளைக் கையில் வைத்தபடி நின்றார். மூச்சு புகையாக வந்து போயிற்று.

"இறங்கி வாங்க கவுடரே."

போஜன் வந்தார். தவசீலன் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான். இந்தப் பெயிண்டைச் சுரண்டியிருக்கணும். ரிலே மாத்தினப்ப நான் சுரண்டல. அப்படியே மாட்டிட்டேன். அன்னைக்கு நீங்க லைட் அணையற வரைக்கும் பொறுத்திருந்தாலும் சூடு ஏறியிருக்காது. எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாலும் ஏறியிருக்காது. உங்க கையில ஒண்ணும் இல்ல கவுடரே. தப்பு என்னோடது."

போஜன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான் அளவுக்குக்கூட இல்லாத இடம்.

"சத்தமா மூச்சு விடாதடின்னு அவளத் திட்டினேன்" என்றார். "எனக்குக் கை ஓடல, கொஞ்சம் சும்மா இருன்னு. அதுக்கப்புறம் அவ எதுவும் பேசல."

தவசீலன் உப்புத்தாளை மடித்தார். குனிந்து பெயிண்டைத் தேய்த்தார். தகரம் பளபளவென்று தெரியும்வரை தேய்த்தார். போல்ட்டை மாட்டி இறுக்கினார்.

யாரும் சொல்லாமலே போஜன் போய்க் காரில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். லைட் எரிந்து அணைந்தது. திருப்பினார். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பனியில் அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

போஜன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அழுதது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

வெகுநேரத்துக்குப் பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். தவசீலன் பக்கம் திரும்பவில்லை.

"நீ போ தம்பி. உன்மேல கோபமில்லன்னு என்னால இப்ப சொல்ல முடியாது. போயிரு."

தவசீலன் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே இறங்கினார். பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானமாகியிருந்தது. கால் வீங்கிப்போயிருந்தது.

எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"ரிலே எர்த்து. போல்ட்டுக்கு அடியில பெயிண்ட். நான் மாட்டினது."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

எஸ்தர் தலையை அசைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அவரு தன் கையாலதான் அவங்க செத்தாங்கன்னு நினைச்சிட்டு இருந்தாரு மாஸ்டர். உங்களுக்குத் தெரியுமா அது?"

"சாவு வீட்டுல பாத்தேன். கையையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

தவசீலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. அந்தம்மா பிழைச்சிருப்பாங்களா?"

"அது யாருக்கும் தெரியாது அண்ணே. எனக்கும் தெரியாது."

"எனக்கு இப்ப முன்னைவிடக் கனமா இருக்கு. இதுக்கா என்னை அனுப்புனீங்க?"

எஸ்தர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"நம்ம கடைச் சாமான் ஒண்ணை அவரு தன்னோடதுன்னு சுமந்துட்டு இருந்தாரு அண்ணே. அதை எடுத்துட்டு வரத்தான் அனுப்பினேன்."